பெருவித்தா, நுண்வித்தா: தாய்ச்செடி எடுக்கும் முடிவு

கேள்வி இதுதான்: "செலாஜினெல்லா, மார்சீலியா போன்ற செடிகள் இரண்டு வகை ஸ்போர்களை உண்டாக்குகின்றன என்று பாடப்புத்தகத்தில் வருகிறது. சிறியது ஆண், பெரியது பெண் என்பதோடு முடித்துவிடுகிறார்கள். ஒரே செடியில் இரண்டு வகை எப்படி வருகிறது? எதற்காக? இதற்கும் விதைக்கும் என்ன தொடர்பு?"

முதலில் சொல்லைத் தெளிவாக்கிக்கொள்வோம். இங்கே வித்து என்று எழுதுவது ஸ்போரைத்தான், விதையை அல்ல. விதைக்குள் ஒரு கரு, அதாவது குட்டிச் செடியே இருக்கும். ஸ்போர் என்பது குன்றல் பகுப்பில் பிறந்த ஒற்றைச் செல். தாய்ச்செடியின் குரோமோசோம்களில் பாதிதான் அதில் உண்டு. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டால் மேலே எதுவும் புரியாது.

சாதாரண ஃபெர்னை எடுத்துக்கொள்ளுங்கள். இலையின் அடியில் பழுப்புப் புள்ளிகளாகத் தெரிபவை வித்தகங்களின், அதாவது வித்துகள் உருவாகும் பைகளின், கூட்டங்கள். பெரும்பாலான ஃபெர்ன்களில் ஒரு வித்தகத்துக்கு 64 வித்துகள், எல்லாம் ஒரே அளவு. ஈரமண்ணில் விழுந்த வித்து முளைத்து, சில மில்லிமீட்டர் அகலத்தில் இதய வடிவில் ஒரு பச்சைத் தகடாகிறது. விந்தணுவையும் அண்டத்தையும் உண்டாக்கும் கேமீட்டகத் தாவரம் இதுதான். அது தானே வெயிலில் உணவு தயாரித்துக்கொள்கிறது. ஆணுறுப்பும் பெண்ணுறுப்பும் அதே தகட்டிலேயே வரலாம். இது ஒத்த வித்துத்தன்மை.

மாற்று வித்துத்தன்மையில் தாய்ச்செடி இரண்டு தனித்தனி வித்தகங்களில் இரண்டு வகை வித்துகளை ஆக்குகிறது. நுண்வித்திலிருந்து ஆண் கேமீட்டகத் தாவரம் மட்டும், பெருவித்திலிருந்து பெண் மட்டும். இதுவரை பாடம் சொல்கிறது. பாடம் அழுத்திச் சொல்லத் தவறும் விஷயம் ஒன்று இருக்கிறது: இந்த ஆண், பெண் பிரிவு வித்தின் மரபணுவில் எழுதப்பட்டதல்ல. செலாஜினெல்லாவில் பெருவித்துக்கென்று ஒரு குரோமோசோம், நுண்வித்துக்கென்று வேறொன்று என்று கிடையாது. எந்த வித்தகத்தில் பிறந்தது, தாய் எவ்வளவு உணவு கொடுத்தது என்பதை வைத்தே வித்தின் பால் முடிவாகிறது. முடிவெடுப்பது தாய்ச்செடி, அதுவும் வித்து வெளியே போவதற்கு முன்பே.

இதன் அருமை புரிய எதிர்மாறான செடிகளைப் பார்க்க வேண்டும். மார்கான்ஷியா என்ற ஈரலுருத் தாவரத்தில் ஆண் தனி, பெண் தனி. அங்கே அதை முடிவு செய்வது பால் குரோமோசோம்தான். ஒரு தாய்செல்லிலிருந்து வரும் நான்கு வித்துகளில் இரண்டு ஆண், இரண்டு பெண். ஆனால் நான்கும் ஒரே அளவு. (தாவரங்களில் பால் குரோமோசோம் முதன்முதலாகக் கண்டறியப்பட்டதும் ஈரலுருத் தாவரம் ஒன்றில்தான்: 1917-இல் ஆலன் ஸ்ஃபீரோகார்ப்பஸில் கண்டார்.) மேக்ரோமிட்ரியம் என்ற மாஸ் பேரினத்தின் சில இனங்களிலோ ஒரே பையில் சிறிய வித்தும் பெரிய வித்தும் கலந்து கிடக்கும். பார்த்தவுடன் மாற்று வித்துத்தன்மை என்று சொல்லத் தோன்றும். ஆனால் இரண்டும் ஒரே வித்தகத்தில் பிறந்தவை. வித்தகங்கள் இரு வகையாகப் பிரியவில்லை. அதனால் இதற்கு வேறு பெயர் வைத்திருக்கிறார்கள். செரட்டாப்டெரிஸ் என்ற நீர்நில ஃபெர்னில் வித்துகள் எல்லாம் ஒரே மாதிரி. முதலில் முளைக்கும் தகடு இருபாலாகி, ஆந்தரிடியோஜென் என்ற ஹார்மோனை வெளியே விடும். பிந்தி முளைக்கும் தகடுகள் அதை உணர்ந்து ஆணாகிவிடும். ஆக, ஆண் பெண் பிரிவதற்கு இரண்டு அளவு வித்து கட்டாயம் அல்ல. இரண்டு அளவு வந்ததற்குக் காரணம் வேறு.

எப்படி வருகிறது என்று பார்ப்போம். செலாஜினெல்லாவின் கிளை நுனியில் சின்னக் கூம்பு இருக்கும். ஒவ்வொரு வித்திலையின், அதாவது வித்தகத்தைத் தாங்கும் இலையின், கக்கத்திலும் ஒரு வித்தகம். ஆரம்ப நிலையில் எல்லா வித்தகமும் ஒன்றுபோலத்தான் இருக்கும். உள்ளே பல வித்துத் தாய்செல்கள் உருவாகின்றன. நுண்வித்தகத்தில் அவற்றில் பெரும்பாலானவை பிழைத்து, குன்றல் பகுப்பு அடைந்து, நூற்றுக்கணக்கில் நுண்வித்துகளைத் தருகின்றன. பெருவித்தகத்தில் வழக்கமாக ஒரே ஒரு தாய்செல் தவிர மற்றவை அழிகின்றன. அழிந்தவற்றின் சத்தும், வித்தகத்தின் உட்சுவரான டபீட்டம் ஊட்டும் சத்தும் அந்த ஒன்றுக்கே போகின்றன. அது பகுப்படைந்து நான்கு பெருவித்துகள். முதிர்ந்த பெருவித்தகத்தில் அந்த நான்கும் உள்ளிருந்து சுவரைத் தள்ளுவதால் வெளியே புடைப்புகள் தெரியும்; கை லென்ஸிலேயே அடையாளம் காணலாம்.

ஆரைக்கீரையில், அதாவது மார்சீலியாவில், கணக்கு வேறு. பெருவித்தகத்திலும் தாய்செல்கள் குன்றல் பகுப்பை முடித்துவிடுகின்றன. நுண்வித்தகத்தில் வருவதுபோலவே இங்கேயும் 32 அல்லது 64 வித்துகள் பிறக்கின்றன. பிறகு ஒன்று மட்டும் வளர்கிறது, மற்றதெல்லாம் மடிகின்றன. பூக்கும் தாவரத்தின் சூலில், ஒரே ஒரு தாய்செல், நான்கு பெருவித்துகள், பெரும்பாலும் அவற்றில் மூன்று மடிந்து ஒன்று மிஞ்சும். மூன்று இடத்திலும் தத்துவம் ஒன்றுதான்: பலரைக் குறைத்து, சிலருக்கு நிறையக் கொடுப்பது. குறைப்பு பகுப்புக்கு முன்பா பின்பா என்பதில்தான் செடிக்குச் செடி வித்தியாசம். தேர்வில் செலாஜினெல்லாவின் படத்தை மார்சீலியாவுக்குப் போட்டு மதிப்பெண் போவது இந்த இடத்தில்தான்.

அளவைக் கொஞ்சம் கணக்குப் போடுங்கள். செலாஜினெல்லாவில் நுண்வித்து 30 மைக்ரோமீட்டர் விட்டம், பெருவித்து 300 மைக்ரோமீட்டர் என்று வைத்தால், விட்டத்தில் பத்து மடங்கு. பருமனில் அது ஆயிரம் மடங்கு. ஒரு பெருவித்துக்குச் செலவழிக்கும் பொருளில் ஆயிரம் நுண்வித்து செய்திருக்கலாம். புதைபடிவ வித்துகளை ஆராய்பவர்கள் 200 மைக்ரோமீட்டருக்கு மேல் இருந்தால் பெருவித்து என்று ஒரு கோடு போட்டுக்கொள்வார்கள். வேலைக்கு வசதியான கோடு. ஆனால் வரையறை அல்ல. பூக்கும் தாவரங்களில் சூலுக்குள் இருக்கும் பெருவித்து மகரந்தத்தைவிடப் பெரிதாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. தாயின் மடியிலேயே இருப்பதால் கட்டுச்சோறு எதற்கு? வெளியே போகிற பெருவித்துக்குத்தான் மூட்டை பெரிது.

அளவைவிட முக்கியமான வேறுபாடு, கேமீட்டகத் தாவரம் வித்துச் சுவருக்குள்ளேயே வளர்வது. செலாஜினெல்லாவின் பெருவித்து எண்ணெய், மாவுச்சத்து, புரதம் எல்லாம் அடைத்துக்கொண்டு கிளம்புகிறது. உள்ளே பெண் தாவரம் வளர்ந்து, மூன்று கோடுகள் கூடும் வாயில் சுவர் பிளந்து, அண்டம் இருக்கும் ஆர்க்கிகோனியங்களை மட்டும் வெளியே காட்டுகிறது. ஃபெர்ன் தகடு மாதக்கணக்கில் வெயிலும் ஈரமும் பார்த்து உழைத்துச் சேர்க்கும் உணவை இங்கே தாய் முன்கூட்டியே கொடுத்தாயிற்று. வெளிச்சம் தேவையில்லை, காலமும் மிச்சம். நுண்வித்துக்கு இந்தச் சீர் வேண்டாம். அது செய்ய வேண்டியது விந்தணுக்களை உருவாக்கி விடுவது மட்டுமே.

இதையெல்லாம் கண்ணால் பார்க்க மிகச் சிறந்த செடி ஆரைக்கீரைதான். வயல் வரப்பிலும் குளத்தங்கரையிலும் நான்கு சிற்றிலைகளோடு மிதக்கும் கீரை. புளியாரையோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அதற்கு மூன்று இலை, கடித்தால் புளிக்கும், அது பூக்கும் செடி. தண்ணீர் வற்றும் பருவத்தில் ஆரையின் இலைக்காம்பு தரையோடு சேரும் இடத்தில், சேற்றை விலக்கிப் பார்த்தால், பயறு போன்ற கெட்டியான சின்னக் காய்கள் இருக்கும். இவைதான் வித்தகங்களை அடக்கிய ஸ்போரோகார்ப்புகள். பச்சையாக இருப்பவை முதிராதவை, பயன்படாது. கரும்பழுப்பாகி, நகத்தால் அழுத்தினாலும் அமுங்காதவற்றைப் பொறுக்குங்கள். உலர்த்தி ஒரு காகித உறையில் போட்டுவைத்தால் பல ஆண்டுகள் உயிரோடு இருக்கும்.

ஓடு அவ்வளவு கெட்டி என்பதால் அப்படியே தண்ணீரில் போட்டால் மாதக்கணக்கிலும் திறக்காமல் கிடக்கும். விளிம்பில் ஓரிடத்தில் உப்புத்தாளால் தேய்த்தோ நகவெட்டியால் மெல்லக் கிள்ளியோ ஓட்டை மட்டும் உடையுங்கள். வெளிறிய உட்புறம் தெரிந்தவுடன் நிறுத்திவிட வேண்டும். ஆழமாக வெட்டினால் உள்ளே இருக்கும் வளையம் அறுந்து, வித்தகங்கள் துண்டு துண்டாகக் கொட்டும். ஒரு வெள்ளைத் தட்டில் இரண்டு விரற்கடை ஆழத்துக்கு மழைநீரோ, ஒருநாள் திறந்துவைத்துக் குளோரின் போன தண்ணீரோ ஊற்றி, காயைப் போடுங்கள். பெரும்பாலும் அரைமணி நேரத்துக்குள் காய் இரண்டாகப் பிளந்து, கண்ணாடி போன்ற ஒரு ஜெல்லிப் புழு வெளியே நீளத் தொடங்கும். நீரை உறிஞ்சி உறிஞ்சிக் காயைவிடப் பல மடங்கு நீளமாகிவிடும். அதன் இருபுறமும் சின்னப் பைகள் தோரணம்போல் தொங்கும். ஒவ்வொரு பையிலும் பெருவித்தகங்களும் நுண்வித்தகங்களும் கலந்தே இருக்கின்றன; பெரிய வெள்ளை மணிகளாக வெறுங்கண்ணுக்குத் தெரிபவை பெருவித்துகள், சுற்றிலும் மாவு போலத் தெரிபவை நுண்வித்துகள். இந்த நேரத்தில் தட்டை ஆட்டக் கூடாது, ஜெல்லியைக் குச்சியால் தொடக் கூடாது.

அடுத்து நடப்பது கடிகாரம் வைத்து நடப்பது போல இருக்கும். மார்சீலியா வெஸ்டிட்டா என்ற அமெரிக்க இனத்தில் அளந்து வைத்திருக்கிறார்கள்: 20 டிகிரி செல்சியஸில், நுண்வித்து நனைந்த 11 மணி நேரத்தில் 32 விந்தணுக்கள் தயார். ஒவ்வொன்றும் திருகாணி போல் சுருண்டது. ஒவ்வொன்றுக்கும் நீந்துவதற்குச் சுமார் 140 கசையிழைகள். இந்த வேலைக்கான ஆர்.என்.ஏ.யில் பெரும்பகுதி உலர்ந்த வித்துக்குள் முன்பே சேமித்து வைக்கப்பட்டது. இங்கே வெயிலும் வெப்பமும் கூடுதல் என்பதால் இன்னும் சீக்கிரம் ஆகலாம். ஆகவே காலையில் நனைத்தால் மாலையிலிருந்தே பார்க்கத் தொடங்குங்கள். நாளை பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டவர்கள் நீந்தும் விந்தணுவைக் காண்பதில்லை. பெருவித்தின் ஒரு முனையில் ஜெல்லி புனல் போலக் குழிந்திருக்கும். நுண்ணோக்கியின் 10 மடங்கு, 40 மடங்கு லென்ஸில் அந்தப் புனலைக் கவனியுங்கள். சுருள் விந்தணுக்கள் அதற்குள் திரண்டு சுழன்று அடிப்பக்கம் இறங்குவது தெரியும். விந்தணு ஏரி என்றே அதற்குப் பெயர். இரண்டு மூன்று நாளில் கரு புடைக்கும். ஒரு வாரத்துக்குள் வெள்ளை மணியின் முனையிலிருந்து ஊசி போல ஒரு பச்சை இலையும் ஒரு வேரும் நீளும். நான்கு சிற்றிலை உடனே வராது. முதல் இலை ஒற்றை இழையாகத்தான் இருக்கும். வேறு செடி முளைத்துவிட்டது என்று கொட்டிவிடாதீர்கள்.

சரியாக வராவிட்டால் காரணம் பெரும்பாலும் இவற்றில் ஒன்றுதான். ஜெல்லி வரவே இல்லை என்றால் காய் முதிரவில்லை, அல்லது ஓட்டின் மேல்தோல் மட்டும் கீறப்பட்டிருக்கிறது. ஜெல்லி வந்தும் நாற்று இல்லை என்றால் தண்ணீர் அதிகம். நுண்வித்துகள் பெருவித்துகளிடமிருந்து விலகிப் போய்விட்டன. மூன்றாம் நாள் பஞ்சு படர்ந்தால் அது பூஞ்சை. ஓட்டுத் துண்டுகளையும் காலி ஜெல்லியையும் முதல்நாளே எடுத்துவிட்டு நீரை மாற்றினால் தப்பும்.

எதற்காக இத்தனை ஏற்பாடு என்ற கேள்விக்கு வருவோம். சுயக்கலப்பைத் தடுக்கத்தான் என்று எழுதுவார்கள். அது பாதி உண்மை. ஒரே தகட்டின் விந்தணு அதே தகட்டின் அண்டத்தோடு சேர்ந்தால், பிறக்கும் செடியில் எல்லா மரபணுவும் இரட்டையாக ஒன்றே இருக்கும். அது மிகக் கடுமையான உட்கலப்பு. இரண்டு வகை வித்து இருந்தால் இது நடக்கவே முடியாது. ஆனால் ஒரே தாய்ச்செடியின் நுண்வித்தும் பெருவித்தும் சேர்வதை யாரும் தடுக்கவில்லை. மேலே சொன்ன தட்டில், ஒற்றைக் காயிலிருந்தே நாற்று வந்தது அப்படித்தான். எனவே முதன்மையான லாபம் கருவுக்கான உணவு என்பதே பொருத்தமான பதில்.

இதற்கு ஒரு விலையும் உண்டு. ஒற்றை ஃபெர்ன் வித்து காற்றில் பறந்து ஒரு தீவில் விழுந்தால், அந்த ஒன்றே ஒரு காட்டைத் தொடங்கலாம். இந்தோனேசியாவின் கிரகடோவா எரிமலை 1883-இல் வெடித்து எல்லாம் சாம்பலான பிறகு, 1886-இல் அங்கே போன தாவரவியலாளர் ட்ரொய்ப் கண்ட செடிகளில் 11 வகை ஃபெர்ன்கள் இருந்தன. மாற்று வித்துச் செடிக்கு இது எளிதல்ல. நுண்வித்து பறக்கும், பெருவித்து காலடியில் விழும். இரண்டும் ஒரே ஈரத்தில் அருகருகே விழுந்தால்தான் காரியம் ஆகும். இன்று வாழும் ஃபெர்ன்களில் நூற்றில் ஒன்றுகூட இப்படிப்பட்டது இல்லை. இருப்பவையும் ஏறக்குறைய எல்லாமே மார்சீலியா, அசோலா, சால்வீனியா என்று நீரை நம்பும் கூட்டம். தண்ணீர் இரண்டையும் ஒரே இடத்தில் சேர்த்துவிடுகிறது.

நிலத்தில் இந்தச் சிக்கலை வேறு விதமாகத் தீர்த்தவைதான் விதைத் தாவரங்கள். பெருவித்தை வெளியே விடவே இல்லை. வித்தகத்துக்குள் ஒரே ஒரு பெருவித்து, அந்த வித்தகத்தைச் சுற்றி ஒரு உறை, அது தாயின் மேலேயே நிற்கிறது. நுண்வித்துதான் தேடி வர வேண்டும். அந்தப் பொதி சூல். கருவுற்றபின் அதுவே விதை. தேடி வரும் நுண்வித்துக்குப் பெயர் மகரந்தத்துகள். இந்த ஒப்புமையை 1851-இல் ஜெர்மானியத் தாவரவியலாளர் ஹாஃப்மெய்ஸ்டர், மாஸ், ஃபெர்ன், ஊசியிலை மரம் எல்லாவற்றின் கருவளர்ச்சியையும் பக்கத்தில் வைத்துக் காட்டினார். டார்வினின் பரிணாம நூல் வருவதற்கு எட்டு ஆண்டுகள் முன்பு. நீந்தும் விந்தணு விதைத் தாவரத்திலும் உண்டு என்பது 1896-இல் ஜப்பானில் நிரூபணமானது: ஹிராசே என்பவர் ஜிங்கோ மரத்தில் கண்டார், இகெனோ என்பவர் சைகஸில் கண்டார். சைகஸை நம்மூரில் தொட்டுப் பார்க்கலாம். நாட்டு மருந்துக் கடையில் மதனகாமப்பூ என்று விற்பது பூவே அல்ல. சைகஸின் ஆண் கூம்பிலிருந்து உதிர்த்த நுண்வித்திலைகள். கெட்டியான அந்தச் செதிலைத் திருப்பி அடிப்பக்கத்தை லென்ஸில் பாருங்கள். வெடித்துக் காலியான நுண்வித்தகங்கள் கொத்துக் கொத்தாக ஒட்டியிருக்கும்.

மாற்று வித்துத்தன்மை ஒரே ஒரு முறை தோன்றி, அதிலிருந்து எல்லாம் வந்தது என்று நினைக்கக் கூடாது. சுமார் நாற்பது கோடி ஆண்டுகளுக்கு முந்தைய டெவோனியன் காலத்திலிருந்து வெவ்வேறு மரபுகளில் தனித்தனியாகப் பல முறை வந்திருக்கிறது. செலாஜினெல்லா ஐசோயிட்டஸ் கூட்டம் ஒன்று, நீர் ஃபெர்ன்கள் ஒன்று, விதைத் தாவரங்களின் முன்னோர் ஒன்று. நிலக்கரிக் காலத்து லெப்பிடோகார்ப்பான் கூம்பில், வித்தகத்தில் ஒரே பெருவித்து, அதைச் சுற்றி வித்திலையே உறைபோல மடிந்திருந்தது; விதை மாதிரியே. ஆனால் அது விதைத் தாவரம் அல்ல. செலாஜினெல்லாவின் தூரத்து உறவு.

செய்முறைக்குச் செடி தேடுபவர்களுக்குச் சில குறிப்புகள். செலாஜினெல்லா மேற்குத் தொடர்ச்சி மலையில் ஈரமான பாறைச் சரிவுகளில் கிடைக்கும். பெருவித்தகம் எப்போதும் கூம்பின் அடியில் என்று எழுதிவிட வேண்டாம். சில இனங்களில் அடியில், சிலவற்றில் ஒருபக்க வரிசையில், செலாஜினெல்லா கிராசியானாவில் கூம்பின் அடியில் ஒன்றே ஒன்று. முதிர்ந்த கூம்பை மடித்த வெள்ளைக் காகிதத்தில் இரண்டு நாள் வைத்தால் வித்துகள் தாமே கொட்டும். மணல்போல் உருள்வது பெருவித்து, பொடியாக ஒட்டுவது நுண்வித்து. ஐசோயிட்டஸ் கோரமாண்டலினா பெயரிலேயே சோழமண்டலக் கரையைச் சுமப்பது. மழைக்குப் பின் நீர் தேங்கும் பள்ளங்களில் கோரைப்புல்போல நிற்கும். பிடுங்கி இலையின் அடியை உரித்தால் வித்தகம் உள்ளேயே பதிந்திருக்கும். ஐசோயிட்டஸ் பேரினத்தில் ஒரு நுண்வித்தகத்தில் லட்சத்துக்கும் மேல் வித்துகள் இருக்கும். பெருவித்தகத்தில் சில நூறே.

அசோலாவில் ஏமாறாமல் இருக்க ஒன்று சொல்ல வேண்டும். அதில் பெரிய உருண்டைக் காய்தான் ஆண். அதற்குள் பல நுண்வித்தகங்கள். சின்னதாய்க் கூர்முனையோடு இருப்பது பெண். அதற்குள் ஒரே பெருவித்து. அசோலாவோடு வாழ்ந்து தழைச்சத்து பிடிக்கும் நீலப்பச்சைப் பாசியும் இந்தப் பெண் காயின் தொப்பிக்குள் ஒளிந்தே அடுத்த தலைமுறைக்குப் போகிறது. தொட்டியில் வளர்க்கும் அசோலா பெரும்பாலும் துண்டாகித்தான் பெருகும், காய் எப்போதாவதுதான் வரும். கேரளத்தில் ஆஃப்ரிக்கன் பாயல் என்று சொல்லும் சால்வீனியா மொலெஸ்டாவில் மட்டும் வித்தைத் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். அது ஐந்து மடங்கு குரோமோசோம் தொகுதி கொண்ட மலட்டுச் செடி. கொத்துக் கொத்தாகக் காய் தொங்கும், உள்ளே முளைக்கும் வித்து இருக்காது.